இறுக்கினால் தீ... தளர்ந்தால் ஆபத்து! ராணுவ லாரியின் சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது?

நெடுஞ்சாலையோர டீக்கடையில் லாரி வந்து நின்றதும் கவனித்திருப்பீர்கள். டிரைவர் முகம் கழுவப் போவார். கிளீனர் மட்டும் வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவார். கம்பியால் ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டு தட்டுவார். அப்புறம், சக்கரத்தின் நடுவே புடைத்துக்கொண்டிருக்கும் இரும்புப் பகுதியின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு சாதாரணமாக இருந்தால் டீ குடிக்கப் போய்விடுவார். கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தால், அன்றைக்கு டீயும் இல்லை, தூக்கமும் இல்லை.

அவர் தொட்டுப் பார்த்த பகுதிக்குப் பெயர் வீல் ஹப். மாட்டுவண்டிக் காலத்தில் நம் தச்சர்கள் அதைக் 'குடம்' என்றார்கள். ஆரக்கால்கள் எல்லாம் வந்து சேரும் இடம், அச்சு நுழையும் இடம். அன்று அச்சாணியும் ஒரு கை மசகும் செய்த வேலையை இன்று பேரிங், கிரீஸ், ஆயில் சீல், பெரிய நட்டு எனப் பல பொருள்கள் சேர்ந்து செய்கின்றன.

சாதாரண லாரிக்கே இப்படி என்றால், ஆறு, சேறு, மணல், பனி என எதிலும் போகவேண்டிய ராணுவ லாரிக்கு? அதன் ஹப்பைக் கழற்றி மாட்டுவது கை பழகினால் வந்துவிடும் வேலைதான். ஆனால், அவசரப்பட்டால் உயிரைக் கேட்கும் வேலையும் அதுதான்.

பத்து டயர், ஆறு ஹப்

உதாரணத்துக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ராணுவத்தின் எம்-35. 1950-களின் தொடக்கத்திலிருந்து அந்த ராணுவத்துக்கு மூட்டை சுமந்த வண்டி. கொரியப் போரின் காலத்தில் வந்து, வியட்நாம் போர் முழுக்க ஓடி, அதன் பிறகும் பல பத்தாண்டுகள் உழைத்தது. முதலில் வடிவமைத்தது ரியோ என்ற கம்பெனி. கார் உலகின் முன்னோடிகளில் ஒருவரான ரான்சம் ஈலை ஓல்ட்ஸ் என்பவரின் பெயரின் முதலெழுத்துகள்தான் 'ரியோ'.

கரடுமுரடான நிலத்தில் இரண்டரை டன் சுமக்கும் வண்டி என்று இதற்குக் கணக்கு. நல்ல சாலையில் 5 டன் வரை ஏற்றுவார்கள். பத்து டயர்கள், ஆறு ஹப்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு அச்சுகளில் நான்கு. பின்பக்கம் ஒவ்வொரு ஹப்பிலும் இரட்டை டயர். ஆறு ஹப்புக்கும் இன்ஜினின் சக்தி போகும். தனியாக எந்த உபகரணமும் பொருத்தாமலேயே 30 அங்குல ஆழத் தண்ணீரில் இறங்கிக் கடக்கும். அப்படி இறங்கும்போது ஹப்கள் மூழ்கிவிடும் என்பதை மட்டும் இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராணுவம் கைவிட்ட பிறகும் இந்த லாரிகள் ஓய்வெடுக்கவில்லை. ஏலத்தில் விவசாயிகளும் பழைய வண்டிப் பிரியர்களும் வாங்கினார்கள். அமெரிக்கக் கிராமப்புறங்களில் இயங்கும் தன்னார்வத் தீயணைப்புப் படைகளுக்கும் பல வண்டிகள் போய்ச் சேர்ந்தன. தண்ணீர்த் தொட்டியை ஏற்றிக்கொண்டு, காட்டுத்தீயை அணைக்க மேடு பள்ளம் பார்க்காமல் ஏறும் வண்டிகளாக அவை மாறின.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பல வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற லாரியின் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டால், வாங்கியவருக்குச் சந்தோஷம் தாங்காது. உடனே ரோட்டில் இறக்கத் தோன்றும். அனுபவசாலிகள் விடமாட்டார்கள். "முதலில் ஆறு ஹப்பையும் கழற்று" என்பார்கள்.

ஏன் கழற்ற வேண்டும்?

முதல் காரணம், பிரேக். எம்-35-ன் பெரும்பாலான வண்டிகளில் பிரேக் ஆயிலுக்கு ஒரே ஒரு பாதைதான். பிற்காலக் கார்களில் இருப்பதுபோல, ஒரு பாதை பழுதானால் இன்னொன்று காப்பாற்றும் ஏற்பாடு கிடையாது. ஆறு சக்கரங்களில் ஏதாவது ஒன்றின் வீல் சிலிண்டரில் ஆயில் கசிந்து தீர்ந்தாலும், ஆறிலும் பிரேக் போய்விடும். முழுச் சுமையோடு மலைப்பாதையில் இறங்கும் லாரியில் பெடல் பலகையோடு போய் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த வீல் சிலிண்டரும் பிரேக் லைனிங்கும் டிரம்முக்குள் ஒளிந்திருக்கின்றன. டிரம் ஹப்போடு சேர்ந்து வருவது. ஆகவே, பிரேக்கைப் பார்க்க வேண்டுமானால் ஹப்பைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

இரண்டாவது காரணம், தண்ணீர். ஆழமான நீரைக் கடந்த லாரியின் ஹப்புக்குள், தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர் நுழைகிறது. கிரீஸோடு கலந்து பால்போல் வெளுத்துவிடுகிறது. அந்தக் கிரீஸ் வழுக்காது; பேரிங் துருப்பிடிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மூன்றாவது காரணம், வயது. ரப்பர் சீல் காய்ந்து போயிருக்கும். கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். ஒரு ஹப்பில் இரண்டு பேரிங் வீதம், மொத்தம் 12. அதில் ஒன்று மக்கர் செய்தாலும் போதும்.

குதிரை வண்டிக்காரர் கொடுத்த பரிசு

லாரிச் சக்கரத்தில் இருப்பது சைக்கிளில் நாம் பார்க்கும் குண்டு பேரிங் அல்ல. ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த சின்னச் சின்ன உருளைகள் சாய்வாக அடுக்கப்பட்டிருக்கும் டேப்பர் ரோலர் பேரிங்.

இதற்கு 1898-ல் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி டிம்கன். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டிகள் செய்துகொண்டிருந்தவர். வண்டி நேராகப் போகும்போது சக்கரத்தின் மேல் எடை கீழ்நோக்கி மட்டும் அழுத்தும். வளைவில் திரும்பும்போது பக்கவாட்டிலும் தள்ளும். இரண்டையும் ஒரே பேரிங் தாங்கவேண்டும். உருளையைச் சாய்வாக வைத்தால் இரண்டையும் தாங்கும் என்பதுதான் அவர் கண்ட வழி.

ஒரு ஹப்பில் இப்படி இரண்டு பேரிங்குகள், எதிரெதிர்ச் சாய்வில் உட்கார்ந்திருக்கும். ஒன்று உட்பக்கம், ஒன்று வெளிப்பக்கம். இரண்டும் ஹப்பை இடமும் வலமும் நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு அழுத்தமாகப் பிடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, வெளியே இருக்கும் ஒரு பெரிய நட்டு. கட்டுரையின் தலைப்பில் இருக்கும் விஷயமே அந்த நட்டுதான்.

சுமப்பது யார், சுழற்றுவது யார்?

லாரியின் எடையைச் சக்கரத்துக்குள் போகும் ஆக்ஸில் தண்டுதான் சுமக்கிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். அதுதான் இல்லை! இதுபோன்ற கனரக லாரிகளில் எடையைச் சுமப்பது வெளியே இருக்கும் கெட்டியான குழாய். அதன் முனையில்தான் பேரிங்கும் ஹப்பும் உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் குழாயின் உள்ளே போகும் ஆக்ஸில் தண்டுக்கு ஒரே வேலை, சக்கரத்தைச் சுழற்றுவது.

இதனால் ஒரு பெரிய நன்மை. ஆக்ஸில் தண்டு நடுவழியில் உடைந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. லாரி தரையில் நின்றபடியே, ஹப்பின் முகத்தில் இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, தண்டை உருவி எடுத்துவிடலாம். போர்க்களத்தில் பழுதான வண்டியை இழுத்துக்கொண்டு போகும்போது இது எவ்வளவு உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

கழற்றும் படலம்

வேலை ஆரம்பிப்பது தரையில். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். சக்கர நட்டுகளை, டயர் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். அதற்கப்புறம்தான் ஜாக்கி. மண் தரையாக இருந்தால் ஜாக்கிக்கு அடியில் தடிமனான பலகை. தூக்கியதும் அச்சுக்கு அடியில் ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி லாரிக்கு அடியில் தலையைக் கொடுப்பவர், வேலை தெரிந்தவர் அல்ல.

நட்டைத் தளர்த்தும்போதே ஒரு கண்ணி காத்திருக்கிறது. எம்-35-ன் இடதுபக்கச் சக்கரங்களில் மரை தலைகீழாக இருக்கும். வழக்கமாகக் கழற்றும் திசையில் திருகினால் இன்னும் இறுகும். இது தெரியாமல் நீளமான குழாயைச் சொருகி, இரண்டு பேர் ஏறி நின்று அழுத்தி, போல்ட்டையே முறித்தவர்கள் உண்டு. இது என்ன விசித்திரம் என்று தோன்றினால், வீட்டில் நிற்கும் சைக்கிளின் இடது பெடலைக் கவனியுங்கள். அதிலும் மரை தலைகீழ்தான். சுழலும் வேகத்தில் தானாகத் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

சக்கரத்தை இறக்கியதும் டயரை ரிம்மிலிருந்து பிரிக்கும் ஆசை வரலாம். இந்த வகை ரிம்களில் டயரைப் பிடித்திருப்பது ஓர் இரும்பு வளையம். காற்றை முழுக்க இறக்காமல் அந்த வளையத்தில் கை வைத்தால், அது பீரங்கிக் குண்டுபோல் பறந்து வரும். உலகெங்கும் டயர் கடைகளில் உயிர்களைப் பறித்த வளையம் அது. பயிற்சி பெற்றவர், கூண்டுக்குள் வைத்துச் செய்யவேண்டிய வேலை.

அடுத்து ஆக்ஸில் தண்டின் போல்ட்டுகள். அவற்றை எடுத்துத் தண்டை உருவினால் ஹப்பின் நடுவே பெரிய நட்டு தெரியும். உண்மையில் அங்கே இருப்பது இரண்டு நட்டுகள். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நடுவில் ஒரு பூட்டு வாஷர். உள்நட்டு பேரிங்கின் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. வெளிநட்டு அது அசையாமல் காவல் காக்கிறது. வாஷரின் மடிப்பு இரண்டையும் பூட்டி வைக்கிறது.

இதைக் கழற்ற அதற்கென்றே அகலமான சாக்கெட் ஸ்பேனர் உண்டு. அது கையில் இல்லாதவர்கள் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டுவார்கள். நட்டு கழன்றுவிடும். கூடவே, உதிர்ந்த இரும்புத் துகள்கள் கிரீஸில் விழும். அந்தத் துகள் பிறகு பேரிங்குக்குள் போய் அரைக்கும்.

நட்டுகள் வந்ததும் ஹப்பை லேசாக ஆட்டினால் வெளிப்பேரிங் கையில் வந்து விழும். அதைக் கீழே போடாமல் பிடிக்க வேண்டும். பிரேக் லைனிங் டிரம்மைப் பிடித்துக்கொண்டிருந்தால் பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். பிறகு டிரம்மோடு சேர்ந்து ஹப் மொத்தமும் வெளியே வரும். தனி ஆள் தூக்கும் எடை இல்லை. சக்கரம் வைத்த தள்ளுமேடையில் தாங்கி இழுப்பார்கள்.

டிரம்முக்குள் படிந்திருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதுவதோ, கம்பிரஸர் காற்றால் அடிப்பதோ கூடவே கூடாது. பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். மூச்சில் போனால் பல வருடம் கழித்து நுரையீரலைப் பதம் பார்க்கும். ஈரப்படுத்தித் துடைத்தெடுப்பதுதான் முறை.

பேரிங் பேசும்

கழற்றிய பேரிங்கைக் கழுவினால் அதன் வரலாறு தெரிந்துவிடும். உருளைகள் நீலம் பாய்ந்திருந்தால், ஒருகாலத்தில் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் உலோகம் களைத்து உதிரத் தொடங்கிவிட்டது. பழுப்புக் கோடுகள் இருந்தால் தண்ணீர் புகுந்து, வண்டி நெடுநாள் அசையாமல் நின்றிருக்கிறது. இவற்றில் எது இருந்தாலும் புதிது போட வேண்டியதுதான். அப்படிப் போடும்போது, ஹப்புக்குள் இறுகியிருக்கும் வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய வளையத்தில் புது உருளைகளைப் போடுவது, தேய்ந்த செயினுக்குப் புதுப் பல்சக்கரம் போடுவது மாதிரி.

கழுவிய பேரிங்கைக் கம்பிரஸர் காற்றில் விர்ரென்று சுழலவிட்டு ரசிப்பது பட்டறைப் பையன்களின் பழைய விளையாட்டு. கிரீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் பேரிங் கெடும். உருளைகள் தெறித்துக் கண்ணையும் கெடுக்கும்.

கிரீஸ் வைப்பதற்கு இயந்திரம் இருந்தாலும், உள்ளங்கை முறைதான் இன்றும் பலருக்குப் பிடித்தது. ஒரு உள்ளங்கையில் கிரீஸ் உருண்டை. மறுகையில் பேரிங். அதன் அகன்ற பக்கத்தைக் கிரீஸில் அழுத்தி அழுத்தி எடுத்தால், உருளைகளின் இடைவெளி வழியாக மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும். சுற்றிலும் அப்படி வந்தால்தான் உள்ளே நிரம்பியது என்று அர்த்தம். மேலே பூசுவதெல்லாம் கணக்கில் வராது.

அந்த ஒரு நட்டு

மாட்டும்போது வரிசை அப்படியே தலைகீழ். உள்பேரிங்கை வைத்து, புது ஆயில் சீலைக் கோணாமல் அடித்து உட்காரவைத்து, ஹப்பை நேராகத் தள்ள வேண்டும். சீலின் உதடு மரையில் உரசிக் கிழிந்தால் வேலை மொத்தமும் மறுபடி. லைனிங்கில் கிரீஸ் பட்ட கையை வைக்கக் கூடாது. பட்டால் அந்தச் சக்கரம் மட்டும் பிரேக் பிடிக்காது. வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

பிறகு வெளிப்பேரிங், உள்நட்டு. ஹப்பை இரண்டு பக்கமும் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும். சுழற்றாமல் இறுக்கினால் உருளைகள் சரியாக உட்காராது, இறுகியதுபோல் ஏமாற்றும். நன்றாக உட்கார்ந்த பிறகு, கையேடு சொல்லும் அளவுக்கு நட்டைச் சற்றே பின்னால் திருப்பித் தளர்த்த வேண்டும். அந்தச் சின்னத் தளர்வுதான் எல்லாமே.

அதிகம் இறுகினால் பேரிங் சூடாகும். கிரீஸ் உருகி ஓடும். உருளைகள் வெந்து அச்சோடு ஒட்டிக்கொள்ளும். சில நேரம் தீயே பிடிக்கும். அதிகம் தளர்ந்தால் சக்கரம் தள்ளாடும். சீல் தேய்ந்து, கிரீஸ் பிரேக்கில் வழியும். முற்றிப்போனால் ஹப், டிரம், டயர் எல்லாம் ஒன்றாகக் கழன்று, எதிரே வருபவரை நோக்கி உருண்டு போகும்.

அளவு சரியாக இருந்தால் ஹப் சலசலப்பின்றிச் சுழலும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடகடக்காது. பூட்டு வாஷர், வெளிநட்டு, வாஷரின் மடிப்பு என ஒவ்வொன்றாக முடிந்ததும் ஆக்ஸில் தண்டு உள்ளே போகும். கடைசியாகச் சக்கரம். நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பின்பக்க இரட்டை டயரில் உட்சக்கரத்துக்குத் தனி நட்டு, வெளிச்சக்கரத்துக்குத் தனி நட்டு. உள்ளே இருப்பதை மறந்துவிட்டு வெளியே எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து நட்டுகளை மறுபடி சோதிப்பார்கள். ஆறு ஹப்பையும் தொட்டுப் பார்ப்பார்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால், அதை மறுபடி திறக்க வேண்டும். சலித்துக்கொள்ளாமல்!

காமிக்ஸ் படித்த ராணுவம்

பள்ளிப்படிப்பையே அப்போதுதான் முடித்த இளைஞனுக்கு இவ்வளவையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இரண்டாம் உலகப் போரிலேயே அமெரிக்க ராணுவத்துக்கு இந்தக் கவலை வந்துவிட்டது.

1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை, பிரான்ஸில் 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற லாரி அணி, முன்னேறும் படைகளுக்கு இரவு பகலாகப் பெட்ரோலும் குண்டும் உணவும் கொண்டுபோனது. ஓட்டியவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் கறுப்பின வீரர்கள். 4 லட்சம் டன்னுக்கும் அதிகமான சரக்கைச் சேர்த்தார்கள். சுமை அளவுக்கு மீறியது, பராமரிக்க நேரம் கிடைக்கவில்லை. எதிரியின் குண்டு படாமலேயே லாரிகள் வழியில் படுத்தன.

1951-ல் ராணுவம் ஒரு மாதப் பத்திரிகையைத் தொடங்கியது. பெயர் 'பி.எஸ்.' கடிதத்தின் அடியில் எழுதுவோமே, அந்தப் 'பின்குறிப்பு'தான். அதிகாரபூர்வக் கையேடுகளுக்கு ஒரு பின்குறிப்பு. 'தி ஸ்பிரிட்' காமிக்ஸைப் படைத்த வில் ஐஸ்னர், 1971 வரை அதன் ஓவியங்களுக்குப் பொறுப்பேற்றார். தடிமனான கையேட்டைத் தொடாத சிப்பாய்களும், சிரித்துக்கொண்டே படம் பார்த்து, கிரீஸ் வைக்கவும் நட்டு இறுக்கவும் கற்றுக்கொண்டார்கள்.

நம் ராணுவத்தில்...

நம் நாட்டிலும் இந்தக் கதை உண்டு. ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் தயாரான 'சக்திமான்' லாரி பல பத்தாண்டுகள் நம் ராணுவத்தைச் சுமந்தது. அதன் பின் வந்தவற்றில் முக்கியமானது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்டின் 'ஸ்டாலியன்'. லடாக்கின் பனியிலும் ராஜஸ்தானின் மணலிலும் வண்டிகளை ஓடவைப்பது, 1943 அக்டோபர் 15-ல் உருவான இ.எம்.இ. படைப்பிரிவு. 'கர்மமே தர்மம்' என்பது அவர்களின் முழக்கம். அக்டோபர் 15-ஐ ஆண்டுதோறும் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

அணிவகுப்பில் பளபளவென்று லாரிகள் போகும்போது நம் கண்ணுக்குத் தெரிவது டயரும் பெயின்ட்டும்தான். கிரீஸ் படிந்த கையோடு, உள்நட்டை எவ்வளவு தளர்த்தினால் சரியாக இருக்கும் என்று பார்த்துப் பார்த்து வைத்தவர், அந்த நேரத்தில் எங்கோ ஒரு பட்டறையில் அடுத்த ஹப்பைத் திறந்துகொண்டிருப்பார்.

அடுத்த முறை நெடுஞ்சாலை டீக்கடையில், சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கும் கிளீனரைக் கண்டால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். உங்கள் பஸ்ஸின் பின்னாலோ முன்னாலோ அந்த லாரியும் வரப்போகிறது. அவர் புறங்கையை வைத்துப் பார்ப்பது உங்களுக்காகவும்தான்!